மாத்தறைக் கல்லில் மறைந்திருந்த மூலகம்

"மாத்தறை வைரம்" என்று வழங்கும் கல் உண்மையில் வைரம் அன்று. சிர்க்கோன் என்னும் கனிப்பொருளே அது. 1789ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் கிளாப்புரோத்து, இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லைப் பகுத்து ஆராய்ந்தார். சிர்க்கோனியம் என்னும் மூலகம் உலகுக்குத் தெரியவந்தது அவ்வாறே. ஆயின் சிர்க்கோனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காக இன்னொரு மூலகமும் உறைந்திருந்தது. அது பிடிபட மேலும் 134 ஆண்டுகள் சென்றன. கைதேர்ந்த இரசாயனர் பலரின் கண்ணுக்கு அது தப்பியது எங்ஙனம்?

முதலில் நேயர்கள் நன்கறிந்த உப்பிலுள்ள சோடியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கருவில் 11 புரோத்தன்கள் உள. எனினும் வெளியோட்டில் தனித்து நிற்கும் இலத்திரன் அந்தப் பதினொன்றின் கவர்ச்சியையும் முழுமையாக உணர்வதில்லை. உள்ளேயுள்ள 10 இலத்திரன்களும் திரைபோல இடைநின்று மறைக்கின்றன. 1930இல் சிலேற்றர் வகுத்த விதிகளின்படி கணித்தால், அவ்விலத்திரனுக்கு எட்டும் ஏற்றம் 2.2 மாத்திரமே. இதனையே பயன்படு கருவேற்றம் என்பர். அதே வரிசையின் வலப்புறத்திலுள்ள குளோரீனில் அது 6.1 ஆகின்றது. ஓரோட்டில் அருகருகே இருக்கும் இலத்திரன்கள் ஒன்றையொன்று நன்கு மறைப்பதில்லை. தோளோடு தோள் நிற்பவர் ஒருவருக்கொருவர் திரையாவரோ? ஆதலின் ஆவர்த்தன அட்டவணையில் வலப்புறம் செல்லச்செல்ல அணு சுருங்கும். கீழே இறங்கினால், புதிய ஓடு சேர்வதாற் பருக்கும்.

தைத்தேனியத்தின் ஆரை 147 பிக்கோமீற்றர். அதன் கீழுள்ள சிர்க்கோனியத்துக்கு 160. பிக்கோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இன்னும் ஒருபடி கீழே, 72ஆம் மூலகமான ஹாப்னியம் மேலும் பருத்திருக்க வேண்டும். ஆனால் அதன் ஆரை 159! இடையில், 58 முதல் 71 வரையுள்ள பதினான்கு மூலகங்களில், இலத்திரன்கள் வெளியே சேராமல் உள்ளோடு ஒன்றில் நிரம்புகின்றன. திரையாக நிற்பதில் இவை மிகவும் சோம்பேறிகள். புரோத்தன் ஒவ்வொன்று கூடுந்தோறும் அணு சிறிது ஒடுங்குகின்றது. புதிய ஓட்டினால் வந்த பருமன் இவ்வொடுக்கத்தால் அழிந்துபோகின்றது. பருமனும் ஒன்று, புற இலத்திரன்களும் நான்கே. சோதனைக்குழாயில் இவ்விரட்டையரை எப்படிப் பிரித்தறிவது?

கோப்பனேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுகூடத்தில் கொஸ்டர், ஹெவெசி என்னும் இருவர் 1923இல் அதனைக் கண்டுபிடித்தனர். அருமண் மூலகங்கள் 71உடன் முடிவதால், 72ஐச் சிர்க்கோனியக் கனிகளில் தேடவேண்டும் என்பது போரின் கொள்கை. அவர்கள் கையாண்டது, 1913இல் மோஸ்லி காட்டிய எக்ஸ்கதிர் முறை. எக்ஸ்கதிர் எழுவது கருவை ஒட்டிய இலத்திரன்களிடமிருந்து. அங்கே திரை மிக மெல்லியது. ஆகவே அணுவெண் மறையாது வெளிப்பட்டது. கோப்பனேகனின் இலத்தீன் பெயரான ஹாப்னியாவே மூலகத்துக்குப் பெயராயிற்று.

இரட்டையரைப் பிரிப்பது வெறும் ஆராய்ச்சி வேட்கையன்று. ஏற்றமில்லாத நியூத்திரனுக்கு இலத்திரன் திரை ஒரு பொருட்டன்று. அது நேரே கருவைச் சென்றடையும். சிர்க்கோனியம் நியூத்திரனைப் பெரும்பாலும் போகவிடும், ஹாப்னியமோ விழுங்கிவிடும். அதனால் அணுவுலைகளில் யுரேனிய எரிபொருளை அடைக்கும் குழாய்களுக்கு ஹாப்னியம் நீக்கிய சிர்க்கோனியமே வேண்டும். நீக்கிய ஹாப்னியமும் வீண்போவதில்லை. உலையின் வேகத்தை அடக்கும் கோல்களிற் சில அதனால் ஆனவை.