இணையப் பக்கம் அமைக்கும் மாணவர்க்கு

கல்லூரியில் இறுதியாண்டு நெருங்கியதும் இணையப் பக்க வடிவமைப்புப் பயிலும் மாணவர் உள்ளத்தில் ஒரு கவலை குடிகொள்கிறது. கற்றதன் பயனைக் காட்ட ஒரு திட்டத்தைத் தாமே செய்து முடித்தல் வேண்டும். எதைச் செய்வது? எங்கே தொடங்குவது? டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்காக இவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் ஒரு திட்ட அறிக்கையை அளித்தார். அதைப் படித்த மேலதிகாரி, கருத்து ஆர்வமூட்டுவதாயினும் தெளிவில்லை என்று அதன்மேல் குறித்தார். உலகளாவிய வலை என்னும் பெருமரத்துக்கு அவ்வறிக்கையே வித்து. அந்த வலை ஆய்வுக்கூடத்தாருக்கு முதன்முதல் அன்றாடம் பயன்பட்டதோ, அவர்களுடைய தொலைபேசி எண் பட்டியலைப் பார்ப்பதற்கே! மாணவர் இதனை உள்ளத்தில் இருத்துதல் நன்று. மாபெரும் வணிகத் தளத்தைப் படைக்க முயன்று இடைவழியில் நிற்பதினும், ஒருவருக்கு உண்மையில் தேவையான சிறு பணியை முழுமையாகச் செய்வதே சிறப்பு.

அத்தகைய பணி ஒன்றைக் கூறுவோம். பல ஊர்த் தமிழ்ச் சங்கங்களில் நூலகம் உண்டு. எந்நூல் எங்குளது என்பதை அறிவார் சிலரே. அந்நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றுக. முதலில் கணினியைத் தொடாமல், நூல் தேடி வருவோர் என்ன கேட்கிறார்கள் என்று வினவி அறிக. பிறகு பக்கங்களைத் தாளில் பென்சிலால் வரைக. பதினாறு வாரம் கிடைக்குமாயின், இவற்றுக்கு நான்கு, ஆக்கத்துக்கு எட்டு, சோதனைக்கும் அறிக்கைக்கும் நான்கு எனப் பகுத்துக்கொள்ளலாம். எச்.டி.எம்.எல். பக்கத்தின் எலும்பு, சி.எஸ்.எஸ். ஆடை, ஜாவாஸ்கிரிப்ட் அசைவு. எலும்பு உறுதிப்பட்ட பின்னரே ஆடையைக் கருதுக.

தமிழ்ப் பக்கத்துக்கெனச் சில கவனங்கள் உண்டு. பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட பட்டியலாயின், அதனை யூனிகோடுக்கு மாற்றுதல் வேண்டும். இல்லையேல் தேடினாலும் நூல் அகப்படாது. மொழிபெயர்ப்புப் பணியில் நாம் நாள்தோறும் காண்பது மற்றொன்று: ‘சப்மிட்’ என்ற சிறுசொல் தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என நீண்டு பொத்தானை மீறி நிற்கும். ஆதலின் பொத்தானின் அகலத்தைச் சொல்லுக்கேற்ப விரியுமாறு அமைக்க. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலில் குறிக்க. பார்வையற்றோர்க்கு உதவும் திரைவாசிப்பான் பொருத்தமான குரலைத் தேர்ந்து படிக்க அது துணைசெய்யும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிமாறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிற் குறையலாகாது என்பது, சாதாரண அளவுள்ள எழுத்துக்கு உலக வலைக் கூட்டமைப்பின் நெறி. சிறிய கைப்பேசித் திரையிலும் பார்த்துச் சரிசெய்க.

இறுதியாகச் சங்கத்து முதியவர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, ஒரு நூலைத் தேடச் சொல்லுக. அவர் தடுமாறும்போது விளக்கம் கூறாது, தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்ளுக. திருத்த வேண்டுவது அவ்விடமே. அக்குறிப்பையும் செய்த திருத்தத்தையும் அறிக்கையிற் சேர்த்தால், தேர்வாளர் உங்கள் உழைப்பை உள்ளவாறே அறிவர். தமிழ் எழுத்தை மறந்துவரும் இளந்தலைமுறைக்கு, அலமாரியில் உறங்கும் அந்நூல்கள் கைக்கு எட்டும் வழியும் பிறக்கும்.