குறிப்பறிந்து உதவுவோம்

(ஊராட்சிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடம் என்றவுடன் பாடமும் தேர்வுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் துன்பம் தலைகாட்டும்போது அதனை முதலில் அறியக்கூடிய இடமும் பள்ளியே ஆகும். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அண்டை அயலார் அறியுமுன் குழந்தையின் வாடிய முகம் ஆசிரியருக்கு உணர்த்திவிடுகிறது. அதைக் கண்டும் வாளாவிருந்தால், பின்னர் எவ்வளவு முயன்றாலும் பயன் சிறிதே.

எங்கள் தவறு ஒன்றை ஒளிக்காமல் கூற விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். கார்த்திகையில் வாரம் ஒரு நாள் வரவில்லை. மார்கழியில் வாரம் மூன்று நாட்கள் வரவில்லை. பதிவேட்டில் குறித்தோம்; வந்த நாளில் கடிந்துகொண்டோம்; அவ்வளவே. தம்பியின் மருத்துவச் செலவுக்காகத் தந்தை செங்கற்சூளைக்கு முன்பணம் வாங்கியிருந்ததை நாங்கள் கேட்டறியவில்லை. பொங்கல் கழிந்ததும் வீடு பூட்டிக் கிடந்தது. ஆடியில் திரும்பியபோது அவள் கற்றதையும் மறந்திருந்தாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது.

அக்குடும்பத்திற்கு வழி இல்லாமற் போகவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. குழந்தை தங்கிப் படிக்க அரசு விடுதி இருந்தது. கடனுக்காக ஆளைக் கட்டி வைப்பதைத் தடுக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 முதலே இருக்கிறது. இவற்றை உரிய காலத்தில் எடுத்துக் கூறுவார்தாம் இல்லை.

நம் நாட்டில் பள்ளி வழியாகக் குடும்பத்தைத் தாங்குவது புதிதன்று. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கினர். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பசியைத் தீர்க்கும் இடம் பள்ளி என்றால், பசிக்குக் காரணமான துன்பத்தைக் கேட்கும் இடமும் அதுவே அன்றோ?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஆகவே இப்பணி ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. நாம் பின்பற்றி வரும் முறை எளியது:

1. ஒரு குழந்தை தொடர்ந்து மூன்று நாட்கள் வராவிட்டால், அன்று மாலையே ஆசிரியர் ஒருவரும் குழுவின் தாய்மார் ஒருவரும் வீட்டிற்குச் செல்வர். கண்டிக்க அன்று, கேட்பதற்கு.

2. கேட்டதை ஊரில் பரப்பலாகாது. மானத்தோடு வாழும் குடும்பம் ஒருமுறை நாணினால் மறுமுறை வாய் திறவாது.

3. நோய் என்றால் கிராம சுகாதார செவிலியர், ஓய்வூதியம் என்றால் கிராம நிர்வாக அலுவலர், சிறு குழந்தை என்றால் அங்கன்வாடி என, உரியவரிடம் நாமே அழைத்துச் செல்லவேண்டும். குழந்தைக்குத் தீங்கு நேரும் எனத் தோன்றினால் 1098 என்னும் எண்ணிற்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

இம்முறையால் நேர்ந்த நன்மை ஒன்றைக் கூறுவோம். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வகுப்பில் உறங்கி உறங்கி விழுந்தான். வீட்டிற்குச் சென்று கேட்டோம். தந்தை இறந்தபின் தாய் விடியுமுன் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தையைப் பார்ப்பதும் ஆட்டைக் கவனிப்பதும் அவன் பொறுப்பாக இருந்தன. கைக்குழந்தை அங்கன்வாடியில் சேர்ந்தது. தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கும் நிதி ஆதரவுத் திட்டத்திற்காக மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்தோம். ஆணை வரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை அக்கம்பக்கத்துத் தாய்மார் முறைவைத்து உதவினர். இன்று அவன் விழித்திருந்து படிக்கிறான்.

வெளியூர் வேலைக்குச் செல்ல எண்ணும் பெற்றோரை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். முன்பணத்தில் கை வைக்குமுன் பள்ளிக்கு வந்து ஒரு சொல் கூறுங்கள். செல்லத்தான் வேண்டுமெனில், அவ்வூர்ப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்க நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

அந்தச் சிறுமி இழந்த கல்வியை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. இன்னொரு குழந்தைக்கு அந்நிலை வாராமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.