தெருவுக்கு வந்த தார் எவ்வளவு?

(நாகர்கோவிலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேசும் மேடையில் இன்று தார் ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். பறக்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோழர், "பட்டணத்துத் தெருவுக்குத் தார் போட்டா நமக்கென்ன, போடாட்டா நமக்கென்ன அண்ணாச்சி?" என்று கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மில் தொழிலாளியைக் கேளுங்கள். தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது குழி எது, ரோடு எது என்று இருட்டில் தெரியுமா? காரில் போகிறவனுக்கு ஸ்பிரிங் போகும். நமக்கு முழங்கால் போகும். அதோடு இரண்டு மாதக் கூலியும் போகும்.

நமது மாவட்டத்துக்கு இரண்டு மழை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவது அந்த மழையால்தான். ஆனால் தார் ரோட்டுக்கு அதுவே எமன். தார் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோம். இன்று ஊற்றுவது நிலக்கரித் தார் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுத்த பிறகு மிஞ்சும் பிட்டுமென் அது. அதன் வேலை கல்லைக் கல்லோடு ஒட்டுவது. தண்ணீர் தேங்கினால் கல்லுக்கும் பசைக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரித்து விடுகிறது. ஆகவேதான் ரோட்டின் நடு முதுகு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று விதி. மழை அதிகமுள்ள இடத்தில் 100க்கு இரண்டரை சரிவு. 3 மீட்டர் அகலத் தெருவில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒன்றரை அங்குல வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு கயிறும் அளவுகோலும் போதும், நாமே பார்த்து விடலாம்.

விதிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1934ல் ஏற்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் தடித்த புத்தகம் போட்டிருக்கிறது. வி.ஜி.30 என்ற ரகத் தார்க் கலவை தெருவில் கொட்டிப் பரப்பப்படும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும். சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலை முடிய வேண்டும். மழை பெய்தாலோ, தரையில் தண்ணீர் நின்றாலோ வேலையை நிறுத்த வேண்டும். மண்ணைக் கூட்டி, பழைய தரைமேல் மெல்லிய தார்ப்பூச்சு தெளித்த பிறகே கலவை போட வேண்டும்.

நாம் கண்ணால் பார்த்த ஒரு தெருவில் என்ன நடந்தது? தூறல் விழுந்து கொண்டிருந்தது. மண்ணைக்கூடக் கூட்டவில்லை. ஒரு அம்மாள் பொறுக்க மாட்டாமல் தன் வீட்டுத் துடைப்பத்தைக் கொண்டுவந்து கூட்டினார்! கலவை ஆறிப்போய்ப் பாறையாக இறங்கியது. மண்வெட்டி பிடித்த தொழிலாளியிடம் கேட்டோம். "எங்களுக்குத் தெரியாதா? போட மாட்டோம்னு சொன்னா நாளைக்கு வேலை கிடையாது" என்றார். அவர் காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. கொதிக்கும் தாருக்கும் தோலுக்கும் நடுவே அந்தச் சாக்குதான். அவர் மீது நமக்குக் கோபமில்லை.

இப்போது ஒரு கணக்கு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ரோலர் ஓடி அமுங்கிய பிறகு 30 மில்லிமீட்டர் கனம் என்று எஸ்டிமேட். 9 கன மீட்டர் ஆகிறது. கன மீட்டருக்கு சுமார் 2.3 டன் என்றால் ஏறக்குறைய 21 டன் கலவை வர வேண்டும். 20 மில்லிமீட்டர் மட்டும் போட்டால் 14 டன்னோடு முடிந்தது. 7 டன் எங்கே? மூன்றில் ஒரு பங்கு தெருவுக்கு வராமலே பில்லில் ஏறி விடுகிறது. 10 டன் லாரி எத்தனை நடை வந்தது என்று எண்ணத் தெரிந்தால் போதும். பஞ்சுப் பேலை எண்ணுகிற கைக்கும், கோட்டை கோட்டையாக நெல் அளந்த கைக்கும் இது பெரிய வித்தையா?

இன்னொரு அநியாயம் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். நாலு தடவை போட்டால் 12 சென்டிமீட்டர் உயர்ந்து விடும். மாடி வீட்டுக்காரர் படியைக் கட்டிக் கொள்வார். ஓட்டு வீட்டுத் தொழிலாளி என்ன செய்வார்? அடுத்த மழையில் தெருத் தண்ணீர் அவர் அடுப்படியில் நிற்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா அதிகாரிகளுக்கும் உத்தரவு அனுப்பினார். நல்ல உத்தரவு. அதைக் காட்டிக் கேட்கத் தெருவில் ஆள் வேண்டும்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு இடம் உண்டு. காகிதம் மட்டுமல்ல, நடக்கிற வேலையைப் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியையும் கேட்டு வாங்கலாம். எஸ்டிமேட்டையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் வாங்கிப் பார்த்தால் பில்லில் எத்தனை டன் ஏறியது என்று தெரிந்துவிடும். கிராமத்துத் தோழர்களும் கேளுங்கள். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் போட்ட ரோட்டை 5 வருஷம் பராமரிப்பது காண்டிராக்டரின் பொறுப்பு. பறக்கைத் தோழருக்கும் இதில் பங்கு வந்துவிட்டதல்லவா?

1956 நவம்பர் 1ந் தேதி நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம். அதே நவம்பர் 1ந் தேதி, 2022ல், நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. 2019ல் நமது முனிசிபாலிட்டி மாநகராட்சி ஆகிவிட்டது. நமக்கும் பகுதி சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஷிப்டு மாற்றிக் கொண்டாவது வாருங்கள். சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் வேலையிடத்தில் இருந்ததா, துளை போட்டுக் கனம் பார்த்தார்களா, பார்த்தபோது வார்டு ஜனங்களைக் கூப்பிட்டார்களா என்று கேட்போம். அந்தச் சாக்குக் கட்டிய தோழருக்கு பூட்சும் கையுறையும் கொடுக்காமல் அடுத்த தெருவில் அடுப்பை மூட்டக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதி வாங்குவோம்.