ஆங்கில நாடக மேடையின் அரசி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்திருநாளில் கலையைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கலையைப் போற்றும் உலகம் கலைஞரையும் போற்றுகின்றதா என்னும் வினாவை, ஆங்கில நாட்டு நடிகையர் வரலாற்றின் வழியே ஆராய விழைகின்றோம்.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்து நாடகத்தில் பெரிதும் திளைத்த நாடு. ஆயினும், மேடையிலே கைதட்டி வரவேற்ற நடிகையைத் தம் இல்லத்து விருந்துக்கு அழைக்கப் பலர் தயங்கினர். நடிகை என்ற சொல்லே ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் ஐயத்தை எழுப்பியது. இதன்பொருட்டு ஆங்கிலேயரை மட்டும் பழித்தல் முறையாகாது. கூத்தாடும் பெண்ணைக் குறித்த பழந்தமிழ்ச் சொல்லொன்றும் நாளடைவில் வசைச்சொல்லாக இழிந்ததை நாம் அறிவோம்.

இத்தகைய சூழலில் தோன்றியவர் எல்லன் டெரி அம்மையார். 1847ஆம் ஆண்டில், ஊர்தோறும் சென்று நடிக்கும் குடும்பமொன்றில், கவென்ட்ரி நகரில் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றாரில்லை, மேடையே அவருக்குப் பள்ளி. 1856இல், ஒன்பது வயதில், ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் மாமிலியஸ் என்னும் சிறுவனாக இலண்டன் மேடையில் தோன்றினார். அரசியாரும் அன்று அவையில் வீற்றிருந்தார்.

பதினேழு வயது நிரம்புமுன், 1864இல், தம்மினும் முப்பது ஆண்டு மூத்த ஓவியர் வாட்ஸ் என்பாரை மணந்தார். ஓராண்டிற்குள் அம்மணவாழ்வு முறிந்தது. பின்னர்க் காட்வின் என்னும் கட்டடக் கலைஞரோடு வாழ்ந்து இரு மக்களைப் பெற்றார். முதல் மணம் சட்டப்படி நீங்காமையின் இவ்வாழ்வை ஊரார் தூற்றினர். ஆறு ஆண்டுகள் மேடையைத் துறந்து நாட்டுப்புறத்தில் வாழ்ந்தார். வறுமையும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் அவர் ஊர்ந்துசென்ற வண்டியின் சக்கரம் வழியிலே பழுதாயிற்று. வேட்டைக்கு வந்தோருள் ஒருவர் உதவ முன்வந்தார். அவர் பழைய நண்பரும் நாடக ஆசிரியருமான சார்லஸ் ரீட். மீண்டும் நடிக்க வருமாறு அவர் வேண்டினார். வாரம் நாற்பது பவுன் தந்தால் வருவதாக அம்மையார் சொல்ல, அவரும் உடனே இசைந்தார். இதனை அம்மையாரே 1908இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். இங்ஙனம் 1874இல் அவர் மேடைக்குத் திரும்பியது புகழ்வேட்கையால் அன்று. மக்களைக் காக்கும் தாயின் கடமையால் என்பதை நாம் கருதல் வேண்டும்.

1878 முதல் 1902 வரை, இலைசியம் அரங்கில் ஹென்றி இர்விங் என்னும் பெருநடிகரோடு இணைந்து நடித்தார். ஒபீலியா, போர்ஷியா, பியாட்ரிஸ் எனப் பல பாத்திரங்கள் அவரால் உயிர்பெற்றன. இயல்பாக வந்த நடிப்பென்று கண்டோர் வியந்தனர். ஆனால் அவ்வியல்பின் பின்னே கடும் உழைப்பு நின்றது. தம் நாடகப் படிகளின் ஓரங்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகளே இதற்குச் சான்று. 1888இல் மாக்பெத் சீமாட்டியாகத் தோன்றியபோது அணிந்த பச்சை ஆடையில், நம் சிறுவர் விளையாடும் பொன்வண்டின் இனத்து வண்டுகளின் சிறகோடுகள் ஏறத்தாழ ஓராயிரம் தைக்கப்பட்டிருந்தன. அவ்வாடை, அவர் வாழ்ந்த சுமால்ஹைத் இல்லத்தில் இன்றும் பேணப்பட்டு வருகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 1895இல் இர்விங் 'சர்' பட்டம் பெற்றார். நடிகர் ஒருவர் அப்பெருமை பெற்றது அதுவே முதல்முறை. அம்மேடையில் அவரோடு சரிநிகராய் நின்ற டெரி அம்மையார்க்கு 'டேம்' பட்டம் வந்ததோ 1925இல்! நடிகையர்க்கு அத்தகைய பட்டம் அளிக்க வழி ஏற்பட்டதே 1917இல்தான் என்பது உண்மை. அதன்பின்னரும் எட்டு ஆண்டுகள் கழிந்தன. கண்ணொளியும் நினைவாற்றலும் குன்றி, எண்பதை நெருங்கிய வயதில் அச்சிறப்பு அவரை அடைந்தது. மூன்றே ஆண்டுகளில், 1928இல், அவர் மறைந்தார்.

பொதுமக்கள் அத்துணைக் காலம் காத்திருக்கவில்லை. 1906இல் அவரது மேடை வாழ்வின் பொன்விழா துரூரி லேன் அரங்கில் நடந்தபோது, இத்தாலி நாட்டு நடிகை டூசேயும் பாடகர் கரூசோவும் வந்து சிறப்பித்தனர்.

இந்நிலை அவர் ஒருவர்க்கே உரியதன்று. கணவர் கடல்கடந்து சென்றிருந்த நாளில், இரு குழந்தைகளைக் காக்கும் பொருட்டு 1888இல் மேடையேறியவர் பாட்ரிக் கேம்பல் அம்மையார். 1914இல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணாக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. இசையரங்குகளின் பாடகி மேரி லாயிட், தமக்கு ஊதியக் குறைவு இல்லாதபோதும், 1907இல் எளிய கலைஞர் நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றார். ஆயினும் 1912இல் அரசர் முன்னிலையில் இசையரங்கக் கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்தியபோது, மக்கள் மனங்கவர்ந்த அவருக்கு அழைப்பில்லை. 1908இல் நடிகையர் தமக்கென ஒரு கழகம் அமைத்துப் பெண்களின் வாக்குரிமைக்குக் குரல் கொடுத்தனர். டெரி அம்மையாரும் அதில் சேர்ந்தார். மேடையில் பிறர் எழுதிய சொற்களைப் பேசியவர்கள், மேடைக்கு வெளியே தம் சொற்களைப் பேசத் தலைப்பட்டனர்.

அன்பர்களே! பட்டங்கள் தாமதமாக வரலாம்; அவை அரசுகளின் செயல். அண்டை வீட்டார் தரும் மதிப்போ நம் கையில் உள்ளது. இன்று மாலை இம்மேடையில் நம் மகளிரும் சிறுமியரும் நடிக்க இருக்கின்றனர். அவர்கட்குக் கைதட்டுவோம். நாளைக் காலை கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவர்களைக் காணும்போது, அதே மதிப்போடு நலம் உசாவுவோம். நம் பெண்ணொருத்தி நடிப்பே தன் தொழில் என்று துணிந்து கூறுவாளாயின், அவள் படிப்பையும் உழைப்பையும் பற்றி முதலில் கேட்போம்.