பன்னிரண்டு விலங்குகள், பன்னிரண்டு கொடிகள்



பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் ஓவியம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. சின்னங்கள் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். சீனர்களின் ஆண்டு விலங்குகளை எடுத்துக்கொண்டேன். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. தனியாக ஒரு புலியை வரைந்து கொடுங்கள் என்றால் நம்மிடையே பலர் அழகாக வரைந்து கொடுப்பார்கள். பன்னிரண்டையும் ஒரே வரிசையில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கொடிகளாக, எதுவும் எதற்கும் இளைத்துப் போகாமல் ஏற்றிக் காட்டுங்கள் என்றால்தான் கை தயங்கும். டிராகன் தன் பாட்டில் கம்பீரமாக நிற்கும். எலியை என்ன செய்வது? சின்னம் வரைபவரின் நேர்மை அந்த எலிக் கொடியில்தான் தெரியும் என்பது என் கருத்து.

முதலில் இந்த விலங்குகள் எதற்கு நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். சீனக் காலக்கணக்கில் பன்னிரண்டு குறிகள் உண்டு. ஷாங் அரசர் காலத்து எலும்புப் பொறிப்புகளிலேயே அவை நாள்களைக் குறிக்கப் பயன்பட்டன. விலங்குகள் அவற்றோடு பின்னால் வந்து சேர்ந்தவை. 1975-இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹூதியில் சின் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த மூங்கில் பட்டிகளில் ஒரு விலங்குப் பட்டியல் இருக்கிறது. இன்றைய பட்டியலோடு அது முழுக்க ஒத்துப்போகவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் சீன அறிஞர் வாங் சோங் எழுதியபோது, இன்று நாம் அறிந்த பன்னிரண்டும் வந்துவிட்டன. ஆண்டுக்கு மட்டுமல்லாமல் நாளின் பொழுதுகளுக்கும் இவையே அடையாளம். இரவு 11 முதல் 1 மணி வரை எலியின் பொழுது; பகல் 11 முதல் 1 வரை குதிரையின் பொழுது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலங்கு என்பது கணக்கு. எருது பெரிய விலங்கு என்பதற்காக அதற்கு மூன்று மணி நேரம் யாரும் கொடுத்ததில்லை.

இந்தச் சமநீதியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில், 18-ஆம் நூற்றாண்டில், சியான்லோங் பேரரசர் காலத்தில், ஹையான்தாங் மாளிகையின் முன் ஒரு நீரூற்று அமைத்தார்கள். வடிவமைத்தவர் இயேசு சபைத் துறவியான ஓவியர் ஜுசெப்பே காஸ்திலியோனே. நீரை மேலேற்றும் பொறியமைப்பைக் கவனித்தவர் அதே சபையின் மிஷேல் பெனுவா. அங்கி உடுத்த மனித உடல்கள் கல்லில், விலங்குத் தலைகள் வெண்கலத்தில். எந்த விலங்கின் பொழுதோ அதன் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் நீர் பாயும். நண்பகலில் பன்னிரண்டும் ஒருசேர நீர் உமிழும். எலியும் டிராகனும் ஒரே குழாயிலிருந்து வந்த நீரைத்தான் கொட்டின. இதைவிடச் சிறந்த சின்னத் தொகுதியை நான் அறியேன்.

1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையைச் சூறையாடின. தலைகள் சிதறிப் போயின. பல ஆண்டுகளுக்குப் பின் ஏழு தலைகள் சீனாவுக்குத் திரும்பியிருக்கின்றன. குதிரைத் தலையை 2007-இல் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ 6.9 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கிப் பின்னர் நாட்டுக்கு அளித்தார். எலியும் முயலும் 2013-இல் வந்தன. டிராகன், பாம்பு, ஆடு, சேவல், நாய் இன்னும் வரவில்லை. பன்னிரண்டில் ஐந்து போனால் மிஞ்சியது ஏழு சிற்பம், கடிகாரம் போய்விட்டது. தொகுதியாகச் செய்த ஒன்றை உடைத்தால் என்ன இழப்பு என்பதை இதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

இனிக் கொடிகளுக்கு வருகிறேன். புலிக்கொடியும் சேவற்கொடியும் நமக்குப் பழக்கம் என்பதால், விலங்கைத் துணியில் ஏற்றுவது எளிது என்று நினைத்துவிடுகிறோம். சீன அரச ஊர்வலங்களில் 28 விண்மீன் கூட்டங்களுக்கு 28 கொடிகள் சென்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விலங்கு. நம்முடைய பன்னிரண்டும் அந்த 28-க்குள் அடக்கம். கொரியாவின் ஜோசன் அரசிலும் அரச ஊர்வலத்துக்கென ஆறு கொடிகள் இருந்தன. எருது, முயல், பாம்பு, ஆடு, சேவல், பன்றி என்று ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு விலங்குகள் அவற்றில் இடம்பெற்றன. முயலுக்கும் பன்றிக்கும் அரசனின் முன்னே போகும் உரிமை இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதே கொரியாவில், கியோங்ஜுவில் உள்ள தளபதி கிம் யுசின் கல்லறையைச் சுற்றிப் பன்னிரு விலங்குத் தலை வீரர்கள் கல்லில் நிற்கிறார்கள். எலித்தலை வீரனும் ஆயுதம் ஏந்தியே நிற்கிறான்.

சீனாவின் சிங் அரசு வைத்திருந்த நாட்டுக்கொடி எல்லோரும் அறிந்தது. 1889-இல் செவ்வக வடிவம் பெற்ற மஞ்சள் கொடி, நீல டிராகன், அதன் முன்னே சிவப்பு முத்து. அழகில் குறையில்லை. ஆனால் செதில் செதிலாக, நகம் நகமாக வரைந்த அந்த உடலைக் கப்பலின் பாய்மர உயரத்தில் வைத்துப் பார்த்தால், மஞ்சள் துணியில் ஏதோ நெளிகிறது என்பதற்கு மேல் தெரிந்திருக்காது. ஒன்றை மட்டும் அதை வரைந்தவர்கள் சரியாகச் செய்தார்கள். டிராகனின் தலையையும் முத்தையும் கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் வைத்தார்கள். காற்று வீசாத நேரத்தில் கொடி தொங்கிவிடும். கம்பத்தை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதி மடிப்புக்குள் மறைந்துவிடும். காற்றில் படபடத்துக் கிழிவதும் அந்தப் பக்கம்தான். முகம் கம்பத்தருகே இருந்தால்தான் கொடி பிழைக்கும். முகம் கம்பத்தை நோக்கியிருந்தால், கொடி முன்னேறும்போது விலங்கும் முன்னேறும். எதிர்த் திசையில் வரைந்தால் அது புறங்காட்டி ஓடுவதாகத் தோன்றும். பின்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வலம் இடமாக மாறித் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. எழுத்துகளைக் கொடியில் போடாதீர்கள் என்று கொடிக்கலை அறிந்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணிக்கு ஏற்ற வரைமுறையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சீனக் கிராமங்களில் புத்தாண்டுக்குச் சன்னல்களில் ஒட்டும் சிவப்புத் தாள்வெட்டிலேயே அது இருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலை இது. அதில் இரண்டு முறைகள். ஒரு முறையில் கோட்டை விட்டுவிட்டு மற்றதை வெட்டி எடுக்கிறார்கள். அங்கே எல்லாக் கோடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுப்போனால் உதிர்ந்துவிடும். மற்றதில் கோட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தாளை விடுகிறார்கள்; அங்கே கோடுகள் தொடவே கூடாது, தொட்டால் நடுவிலுள்ள துண்டு விழுந்துவிடும். விலங்கின் ரோமத்துக்கு ரம்பப் பல் போன்ற வெட்டு, இமைக்கும் தசை வளைவுக்கும் பிறை வடிவ வெட்டு. கத்தரிக்கோல் அனுமதிக்காத எதையும் அந்தக் கலைஞர்கள் வரைவதில்லை. தேருக்குத் தொம்பை தைக்கும் நம் கைவினைஞர்களும் துணியை வெட்டித்தான் யாளியையும் மயிலையும் ஒட்டித் தைக்கிறார்கள். மெல்லிய கோடு எதற்கும் அங்கே இடமில்லை. கொடி வரைய வருகிற மாணவர் பென்சிலை எடுக்குமுன் ஒரு வாரம் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அஞ்சல்தலைகள் இதே பாடத்தை வேறு வகையில் சொல்கின்றன. சீனா 1980 பிப்ரவரியில் குரங்கு அஞ்சல்தலையை வெளியிட்டது. ஓவியம் வரைந்தவர் ஹுவாங் யோங்யு. சிவப்புப் பின்னணியில் ஒரு கருங்குரங்கு உட்கார்ந்து நேராகப் பார்க்கிறது. அவ்வளவுதான் படம். ரோமத்தைச் செதுக்கு அச்சில் ஒவ்வோர் இழையாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தாலும் குரங்கின் புறவுருவம் கலையவில்லை. 8 ஃபென் விலையுள்ள அந்த அஞ்சல்தலைகள் 80 கொண்ட முழுத்தாள் பின்னாளில் ஏலத்தில் பத்து லட்சம் யுவானைத் தாண்டியது. அமெரிக்காவில் சீன அமெரிக்கர் அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் கேட்டதன் பயனாக 1992 கடைசியில் சேவல் அஞ்சல்தலை வந்தது. அதைச் செய்த ஹொனலுலுவின் கிளாரன்ஸ் லீ தாள்வெட்டு முறையையே எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு விலங்குகளையும் முடித்துத் தந்தார். ஒரே கை, ஒரே முறை, பன்னிரண்டு ஆண்டு. அந்த வரிசையை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது வரும் நிறைவு, ஆண்டுக்கொருவர் வரைந்த வரிசைகளில் வருவதில்லை.

ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு வம்பு. புலியின் புறவுருவம் வெறும் பூனை, வரியில்லாமல் புலியில்லை. குழந்தைகளின் புலித்தொப்பியில் தைப்பதுபோல நெற்றியில் மூன்று கிடைக்கோடும் ஒரு நெடுக்கோடும் போட்டால், அரச முத்திரை வந்துவிடும். நாய்க்குச் சுருண்ட வால் இல்லையென்றால் ஓநாய். ஆட்டுக்கு வெள்ளாட்டின் தாடியும் நேர்கொம்புமா, செம்மறியின் சுருள்கொம்பா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். இரண்டும் மரபில் உண்டு. கொடிக்குச் சுருள்கொம்பே சிறந்தது, எருதின் கொம்போடு குழம்பாது. பாம்பு வெறும் கோடு, ஆகவே அதற்குத்தான் மிகத் தடித்த கோடு வேண்டும். எலிக்கு வட்டக் காது, கூர்முகம், உடலைவிட நீண்ட வால். அந்த வாலைக் கொடியின் மறுமுனைவரை இழுத்து வளைத்துவிட்டால், எருது நிறைக்கும் இடத்தை எலியும் நிறைத்துவிடும். உருவத்தைப் பெரிதாக்கி ஏமாற்ற வேண்டியதில்லை.

யாருடைய பன்னிரண்டு என்பதும் முக்கியம். வியட்நாமில் முயலின் இடத்தில் பூனை, எருதின் இடத்தில் எருமை. ஜப்பானில் பன்றி என்றால் காட்டுப்பன்றி. ஹனோயில் ஏற்றப்போகும் கொடியில் முயலைத் தைத்துக் கொடுத்தால், அந்த ஊர்க்காரருக்கு அது வேற்றூர்க் கொடி. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சைனாடவுன் தெருக்களில் அந்த ஆண்டின் விலங்கு ஒளிவிளக்குகளாக எழுகிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தமிழர்கள் அந்த விலங்கைக் கடந்துதான் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது அயல் சின்னமாகவே தோன்றாது.

கடைசியாக நிறம். சீன மரபில் ஐந்து பூதங்களுக்கும் தனித்தனி நிறம் உண்டு: மரத்துக்குப் பச்சை, நெருப்புக்குச் சிவப்பு, மண்ணுக்கு மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, நீருக்குக் கறுப்பு. குரங்கும் சேவலும் உலோகத்தைச் சேர்ந்தவை; மரபுப்படி வெண்துணி. ஆனால் சீனர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். புத்தாண்டு வாசலில் வெறும் வெள்ளைக் கொடியை எவரும் ஏற்றமாட்டார்கள். வெள்ளை விலங்கைச் சிவப்புத் துணியில் வைப்பதே இதற்கு வழி. ஐந்து பூதமும் பன்னிரு விலங்கும் பிணைந்து 60 ஆண்டுச் சுற்றாகிறது. அறுபது ஆண்டுச் சுற்று நமக்கும் தெரிந்ததுதான். அந்தச் சுற்றில் 2026 தீக்குதிரை ஆண்டு.

இதற்கு முந்திய தீக்குதிரை ஆண்டு 1966. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனுக்கு ஆகாதவள் என்றொரு நம்பிக்கை ஜப்பானில் இருந்தது. 1965-இல் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966-இல் 13.6 லட்சமாகக் குறைந்தன. அடுத்த ஆண்டே மீண்டும் உயர்ந்து 19 லட்சத்தைத் தாண்டின. ஒரு சின்னத்தின் மேல் ஏற்றிய அச்சம் ஒரு நாட்டின் தொட்டில்களைக் காலியாக்கியிருக்கிறது. ஆகவே தீக்குதிரை என்றதும் பிடரியில் சுடரும் வாலில் புகையும் முன்னங்கால் தூக்கிய சீற்றமும் வரைகிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. என் குதிரை நடக்கும். மூன்று கால் மண்ணில் இருக்கும், ஒரு கால் எடுத்து வைக்கும். சிவப்புத் துணியில் மஞ்சள் குதிரை, கழுத்து கம்பத்தை நோக்கி. 1966-இல் பிறந்து இன்று அறுபது வயதைத் தொடும் பெண்ணும், 2026-இல் பிறக்கும் பெண் குழந்தையும் இதைத் தம் சின்னம் என்று தயங்காமல் கையில் எடுக்க வேண்டும். மாணவர்கள் இந்தக் கொடியை வரைந்து பாருங்கள், தைத்தும் பாருங்கள்.