கோர்ட்டுப் படியும் நம் கையிலுள்ள காகிதமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பையில் பிழைக்க வந்த நாம் கோர்ட்டு என்றாலே அஞ்சுகிறோம். ஏழைக்கு ஏது நீதி என்று ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் நட்டம் யாருக்கு? நமக்குத்தான்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, மத்திய நீதிமன்றங்கள் தனி வரிசை. நம் நாட்டில் ஒரே படிக்கட்டு. போலீசார் நம்மில் ஒருவரைக் கைது செய்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வாடகைத் தகராறு தோபி தலாவிலுள்ள சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். பெரிய உரிமை வழக்குகளுக்கு நகர உரிமையியல் நீதிமன்றம். அதற்கு மேல் 1862இல் தொடங்கிய பம்பாய் உயர்நீதிமன்றம். உச்சியில் டில்லி.

இந்தப் படிகளில் நம்மவர்களும் ஏறியிருக்கிறார்கள். 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாக அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டதும், அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் ஜூலை 23 அன்று மக்களைப் பஸ்களில் ஏற்றினார்கள் என்பது மனுதாரர் முறையீடு.

உச்சநீதிமன்றம் சென்றவர்களில் சேலத்துக்காரர் ஒருவர். பஞ்சத்தால் வேலையிழந்து 1961இல் வந்த விவசாயக் கூலி. தஹிசரில் நாள் கூலி 23 ரூபாய். குடும்பத்தோடு சேலத்துக்கு அனுப்பப்பட்டும், வேலை தேடி அவர் மட்டும் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையில் குடியேறினார். காமராஜ் நகர் மக்களும் வழக்காடினர்.

1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆனாலும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றும் சொன்னது. முன்னறிவிப்பில்லாமல் அகற்றுவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும்; மழைக்காலம் கழியும்வரை, அக்டோபர் 31 வரை, அகற்றக்கூடாது; 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துக் குடிசை. ஒரே மழை, ஒரே பசி. அட்டை வைத்திருந்தவருக்கு மாற்றிடம்; இல்லாதவருக்கு அவகாசம் மட்டும். நீதி முழுமையாகக் கிடைத்ததென்று நாம் சொல்லவில்லை. கிடைத்ததும் காகிதத்தின் வழியாகத்தான் வந்தது.

ஆகவே ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார பில், கூலிச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். புரியாத மராத்தி, ஆங்கிலக் காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். குற்ற வழக்கில் நிற்பவருக்குச் சாட்சியம் புரியாவிட்டால், அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லச் சட்டமே வழி செய்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இது பிச்சையல்ல, உரிமை.

தனியாகப் போனால் வாசலிலேயே விரட்டப்படுவோம். சேர்ந்து போவோம், காகிதத்தோடு போவோம்.