எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறோம்?



சமூகப்பணிப் பாடநூல்கள் படிப்பவரை ஒரு பக்கமும் உதவி பெறுபவரை மறுபக்கமும் நிறுத்துகின்றன. காவிரிப் படுகையில் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இங்கே இந்தத் துறைக்கு வருகிறார்கள். ஒதுக்கப்படுதல் அவர்களுக்குப் பாடமாக மட்டும் அறிமுகமானதல்ல. அவர்கள் வாழ்ந்து அறிந்ததையும் இந்தத் துறை சான்றாக ஏற்க வேண்டும் என்பதே என் வாதம்.

சொந்த அனுபவம் பார்வையைச் சாய்த்துவிடும், விலகி நிற்பவரே நடுநிலையோடு பார்ப்பார் என்று மறுப்பவர்கள் உண்டு. தஞ்சை வரலாறு அதை ஒப்பவில்லை. சமூகவியலறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். அக்கிரகாரத்தில் தங்கியதால் ஆதிதிராவிடர் குடியிருப்போடு தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை 1965-இல் வெளிவந்த தம் நூலில் அவரே பதிவு செய்தார். தேர்ந்த ஆய்வாளரின் பார்வைக்கும் தங்கிய தெரு எல்லை வகுத்தது. நீதிமன்றமும் இதற்கு விலக்கல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் அவர்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் விடுவித்த உயர் நீதிமன்றம், வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயுற்றது. மிராசுதார் வீட்டு வாசலில் கூலிக்கு நின்றவருக்கு அந்த ஐயம் எழுந்திருக்காது. விலகி நிற்பதும் ஒரு தெருவில் நிற்பதுதான்.

அப்படியானால் வெளியிலிருந்து வருபவருக்கு இங்கே வேலையில்லையா? உண்டு. கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாச ராவ் 1940-களில் கீழத்தஞ்சைக்கு வந்தார். பண்ணையாட்களின் குடிசைகளில் தங்கி, அவர்கள் சொல்லக் கேட்டு, சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனைக்கும் சவுக்கடிக்கும் எதிராக அவர்களைத் திரட்டினார். பிறப்பு அவரைத் தடுக்கவில்லை. கேட்கும் பணிவு அவரிடம் இருந்தது. உள்ளிருந்து வருபவருக்கும் அனுபவம் மட்டும் போதாது. ஒரே தெருவில் ஆண் அறிந்த சாதி வேறு, பெண் அறிந்த சாதி வேறு. தலித் குடும்பத்தில் பிறந்து பட்டம் பெற்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் வெண்மணிக்குப் பிறகு இந்த மண்ணுக்கு வந்தார். 1981-இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தார். பெண்கள் பெயரில் பத்திரம் பதிய வைத்தார். எதைக் கேட்க வேண்டும் என்பதை வாழ்க்கை சொல்லும். கேட்டதைப் பெறுவதற்குச் சட்டமும் கணக்கும் தெரிய வேண்டும்.

மாணவர் தம் காயத்தை வகுப்பில் காட்டித்தான் ஆக வேண்டுமா என்ற கவலையும் நியாயமானது. யாரும் யாரையும் அப்படிக் கேட்கக் கூடாது. சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவரவர் உரிமை. சொன்னால் அதைச் சான்றாக மதித்து, பிற சான்றுகளைப் போலவே ஆராய்வது கல்லூரியின் கடமை.

பட்டதாரிகளே, நாளை நீங்கள் எழுதும் ஒவ்வொரு கள அறிக்கையிலும், எந்தத் தெருவில் நின்று அதை எழுதினீர்கள், எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பிறகு, விட்டுப்போன அந்தத் தெருவுக்குப் போங்கள்.